‘இறங்காதே’ என்கிற பலகை

நீர்த்தேக்கங்களின் கரையில் ஒரு பலகை நிற்கும். பொதுப்பணித் துறை வைத்த பலகை. 2021க்குப் பிறகு நீர்வளத் துறை என்று துறையின் பேர் மாறியிருக்கிறது, வாசகம் மாறவில்லை. குளிக்காதே, துணி துவைக்காதே, மாடு கழுவாதே, மீன் பிடிக்காதே. மொத்தத்தில், இறங்காதே. இந்தப் பட்டியலை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். வீட்டில் குளியலறை இருக்கிறவன் செய்யாத காரியங்களாகப் பொறுக்கி எடுத்து எழுதியது போலிருக்கும். குழாய் உள்ள வீட்டுக்காரன் அணைக்கு வந்து துணி துவைக்கப் போவதில்லை. வாஷிங் மெஷின் வைத்திருக்கிறவன் இந்தப் பலகையை மீற வேண்டிய அவசியமே இல்லை. அவன் துவைத்த சோப்புத் தண்ணி சாக்கடை வழியாக நடந்தே அணைக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. அதை நோக்கி ‘வராதே’ என்று யாரும் பலகை நட்டதில்லை.

வேறு சில நீர்நிலைகளில் பலகைக்குப் பக்கத்திலேயே டிக்கெட் கொடுக்கிற ஜன்னல் இருக்கும். பணம் கட்டினால் படகில் ஏறலாம். கால் நனைக்காதே என்று சொன்ன அதே தண்ணீர்மேல் எஞ்சின் போட்டுக்கொண்டு ஒரு சுற்று சுற்றி வரலாம்.

சாதிக்கொடுமை ஊருக்கு ஊர் தலைவிரித்து ஆடும்போது படகு விடுவதும் தூண்டில் போடுவதும் ஒரு பிரச்சினையா என்று தோழர்கள் கேட்கக்கூடும். கேட்கட்டும். தண்ணீரை அசுத்தப்படுத்துவது எது என்கிற கேள்வியைத் தவிர நம்மை வேறு எந்தக் கேள்வி இத்தனை நூற்றாண்டாக அடித்திருக்கிறது? அந்தக் கேள்விக்குச் சாதி ஒரு பதில் வைத்திருந்தது. இப்போது அரசாங்கமும் ஒரு பதில் வைத்திருக்கிறது. இரண்டும் ஒன்றா, வேறா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

சட்டத்தின் எழுத்தைப் பார்த்தால் வேறு என்றுதான் சொல்ல வேண்டும். 1860ஆம் வருஷத்து இந்திய தண்டனைச் சட்டத்தின் 277ஆம் பிரிவு, பொது ஊற்றையோ நீர்த்தேக்கத்தையோ வேண்டுமென்றே கெடுத்து, அது வழக்கமாக எதற்குப் பயன்படுகிறதோ அதற்கு லாயக்கில்லாமல் ஆக்குவதைக் குற்றம் என்றது. தண்டனை மூன்று மாசம் அல்லது ஐநூறு ரூபாய். இப்போதைய பாரதிய நியாய சம்ஹிதையில் 279ஆம் பிரிவாக அது வந்திருக்கிறது, அபராதம் ஐயாயிரம் ஆகியிருக்கிறது. இதில் ‘யார்’ என்ற சொல்லுக்கு வேலையே இல்லை. தண்ணீருக்கு என்ன ஆனது என்பதுதான் கேள்வி. 1989ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும், தலித்துகளும் பழங்குடிகளும் பயன்படுத்துகிற நீர்நிலையைக் கெடுப்பது தனிக் குற்றமாக இருக்கிறது. அதுவும் தண்ணீரின் கெடுதியை வைத்துத்தான் பேசுகிறது. சட்டத்தை எழுதிய கை சரியாகத்தான் எழுதியிருக்கிறது. கரையில் லத்தி பிடித்து நிற்கிற கை அதைப் படித்துக்கொள்கிற விதம்தான் வேறு.

சாதியின் பதிலுக்கு மஹத் போக வேண்டும். பொதுக்கிணறு, பொதுக்குளங்களை எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும் என்று பம்பாய் சட்டசபை 1923ல் தீர்மானம் போட்டது. அடுத்த வருஷம் மஹத் நகராட்சியும் சவதார் குளம் எல்லோருக்கும் பொது என்றது. காகிதத்தில் திறந்த குளத்தில் கையை வைக்க 1927 மார்ச் 20ஆம் தேதி அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு போய்த் தண்ணீர் அள்ளிக் குடித்தார். அதற்கப்புறம் நடந்ததுதான் நமக்கு முக்கியம். சாதி இந்துக்கள் குளத்தைச் ‘சுத்தம்’ செய்தார்கள். எப்படி? மாட்டுச் சாணம், மாட்டு மூத்திரம், பால், தயிர் எல்லாம் கலந்த 108 குடங்களை மந்திரம் சொல்லிக் குளத்தில் கவிழ்த்தார்கள். ஒரு மனுசன் உள்ளங்கையில் தண்ணி அள்ளினால் குளம் கெட்டுப்போகும், அதே குளத்தில் சாணியையும் மூத்திரத்தையும் கொட்டினால் சரியாகிவிடும்! இதைவிடத் தெளிவாகச் சாதியின் நீர்ச்சட்டத்தை யாரும் விளக்க முடியாது. தண்ணிக்குள்ளே என்ன விழுந்தது என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. யார் கை பட்டது என்பது ஒன்றுதான் கணக்கு. அந்தக் குளத்தில் நமக்கு உரிமை உண்டு என்று பம்பாய் உயர் நீதிமன்றம் சொல்லப் பத்து வருஷம் ஆயிற்று, 1937.

மஹத் தூரம் என்று நினைக்க வேண்டாம். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து ஏரிகளுக்கும் கர்நாடகத்து எல்லைக்கு அந்தண்டை உள்ள ஏரிகளுக்கும் நீர்கண்டி என்று ஒரு ஆள் இருப்பார். மதகைத் திறந்து மூடுவதும், யார் வயலுக்கு எத்தனை நேரம் தண்ணீர் என்று பார்த்து விடுவதும் அவர் வேலை. பெரும்பாலும் நம்ம ஆள்தான். என் தாத்தாவும் எங்க ஊரு ஏரிக்கு நீர்கண்டி. மதகுல வேரும் சேறும் அடைச்சிக்கிட்டா இடுப்புல கயிறு கட்டிக்கிட்டு முங்குவாரு. மூச்சைப் பிடிச்சிக்கிட்டு அடியில கைய விட்டுத் துழாவி இழுத்துப் போட்டுட்டு மேல வருவாரு. கரையில ஊர்க்காரங்க நின்னு, “டேய், இன்னொருக்கா முங்குடா” ன்னுவாங்க. “ஆவட்டும் சாமி” ன்னு மறுபடி முங்குவாரு. அந்தத் தண்ணிதான் நெல்லுக்கும் போவுது, ஊர் மாட்டுக்கும் போவுது. அதுக்குக் கூலி அறுப்புக் களத்துல ராகி. ஆனா குடிதண்ணிக் கெணத்துக்கிட்ட எங்க பாட்டி பானைய கீழ வச்சிட்டுத் தள்ளி நிக்கணும். மனசு வந்து யாராவது ஊத்தினா உண்டு. பாட்டி சொல்லும்: “முங்கறப்ப தீட்டு இல்ல. மொண்டாத்தான் தீட்டு.”

கவலை ஓட்டின காலத்தில் கிணற்றிலிருந்து தண்ணீரை மேலே கொண்டுவந்தது தோல். மாட்டுத் தோலை உரித்துப் பதப்படுத்தித் தைத்துக் கொடுத்தவர்கள் யார் என்று சொல்லத் தேவையில்லை. செத்த மாட்டுத் தோல் நாள் முழுக்கக் கிணற்றுக்குள் இறங்கி ஏறலாம், அதைத் தைத்த கை இறங்கக் கூடாது. பரிசலும் அப்படித்தான். இப்போது பிளாஸ்டிக் தாளும் தாரும் வந்துவிட்டன. முன்பெல்லாம் மூங்கில் கூடைக்குமேல் தோலைப் போர்த்தித்தான் ஆற்றைக் கடந்தார்கள். ஆசாரமான குடும்பங்கள் செத்த மாட்டின் தோல்மேல் உட்கார்ந்து காவிரியைத் தாண்டியிருக்கின்றன. தொட்டது தோஷமாகவில்லை, வேலை ஆக வேண்டியிருந்தது.

பரிசல் என்றதும் ஒகேனக்கல். ஓசூர் உட்பட கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்கள் இன்று குடிப்பது அங்கிருந்து வருகிற காவிரித் தண்ணீர். நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகமாகிப் பல்லெல்லாம் பழுப்பேறி, மூட்டு மடங்காமல் போன ஜனங்களுக்காக ஜப்பானியக் கடனுதவியில் வந்த திட்டம் அது. 2008ல் அடிக்கல், 2013ல் திறப்பு. அதே ஒகேனக்கல்தான் இந்தப் பக்கத்துக்கெல்லாம் பெரிய உல்லாசத் தலமும். பரிசல் சவாரி, எண்ணெய் மசாஜ், அருவிக் குளியல், ஷாம்பு பாக்கெட், வறுத்த மீன். கீழே மேட்டூர் நீர்த்தேக்கம், அதை நம்பிச் சேலமும் இன்னும் எத்தனையோ ஊர்களும் தண்ணி குடிக்கின்றன. நீர்வரத்து கூடினால் பரிசலுக்கும் குளிப்பதற்கும் மாவட்ட நிர்வாகம் தடை போடும், குறைந்தால் எடுக்கும். பேப்பரில் தவறாமல் வருகிற சேதி. அந்தத் தடை பரிசலில் ஏறுகிறவன் உயிருக்காகப் போட்டது. வேண்டியதுதான், பரிசல் கவிழ்ந்து செத்தவர்கள் உண்டு. குழாயடியில் நின்று குடிக்கிறவளை நினைத்துப் போட்ட தடை அல்ல அது.

இனித் தென்பெண்ணைக்கு வருவோம். நந்தி மலையில் பிறந்து, பெங்களூருக்குக் கிழக்கே இறங்கி, ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணையில் நிற்கிறது. அங்கிருந்து கிருஷ்ணகிரி அணை, அதற்குக் கீழே சாத்தனூர், கடைசியில் கடலூர்க் கடல். பெங்களூரின் பெரிய ஏரியான பெல்லந்தூரிலிருந்து வழிந்து வர்த்தூர் ஏரி வழியாக வருகிற சாக்கடையும் இந்த ஆற்றில்தான் சேர்கிறது. 2017ல் தீப்பிடித்து எரிந்ததே, அதே பெல்லந்தூர். மழை பெய்து கெலவரப்பள்ளி மதகைத் திறந்தால் தண்ணீரா வருகிறது? நுரை. ஆள் உயரத்துக்கு வெள்ளை வெளேரென்று நுரை எழும்பி, தரைப்பாலத்தை மூடி, வண்டி போக முடியாமல் நிற்கிறது. துணி சோப்பு, பாத்திர சோப்பு, மலம், ஆலைக் கழிவு எல்லாம் கலந்த சாக்கடையை ஒழுங்காகச் சுத்தம் பண்ணாமல் விட்டால் மதகில் அடிபடும்போது இப்படித்தான் நுரைக்கும். 1970களிலிருந்து சிப்காட் வளர்த்துவிட்ட ஓசூரும் இதில் யோக்கியம் கிடையாது. பழியை எல்லைக்கு அந்தண்டை தள்ளிவிட்டுக் கை கழுவ முடியாது, கை கழுவவும் நல்ல தண்ணி வேணுமே.

பெங்களூருக்குத் தண்ணீரைக் காக்கத் தெரியாது என்று சொல்ல முடியாது. அர்க்காவதி ஆற்றில் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம் அந்த நகரத்துக்குக் குடிநீர் தந்தது. அதைக் காப்பாற்ற 2003ல் கர்நாடக அரசு நீர்ப்பிடிப்புப் பகுதியை நாலு மண்டலமாகப் பிரித்து, இங்கே கட்டடம் கூடாது, இங்கே ஆலை கூடாது என்று உத்தரவு போட்டது. உத்தரவையும் மீறி அந்த ஏரி கெட்டது, குடிநீருக்கு எடுப்பதையே பல வருஷம் நிறுத்த வேண்டியதாயிற்று. அது வேறு கதை. நான் கவனிக்கச் சொல்வது உத்தரவின் குணத்தை. தான் குடிக்கிற தண்ணீர் என்றால் மேலே மலைவரைக்கும் மண்டலம் போடுகிறார்கள். தான் கழித்த தண்ணீர் என்றால் மண்டலமும் இல்லை, எல்லையும் இல்லை, அது பள்ளத்தைப் பார்த்துப் போகும். பள்ளத்தில் யார் இருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். ஊருக்கு மேட்டில் அக்கிரகாரமும் தாழ்வில் சேரியும் வைத்த அதே நில அமைப்பு, ரெண்டு மாநில அளவுக்குப் பெரிதாகியிருக்கிறது.

அரசுகளும் இந்த ஆற்றுக்காகச் சண்டை போடுகின்றன. கிருஷ்ணகிரி அணைக்கு வருகிற மார்க்கண்டேய நதியில் யார்கோள் பக்கம் கர்நாடகம் அணை கட்டியதை எதிர்த்துத் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது. 2019ல் கோரிக்கையை ஏற்க மறுத்த நீதிமன்றம், நடுவர் மன்றத்தை நாடச் சொன்னது. அந்த அணையும் மாலூர், பங்காருபேட்டை, கோலார் ஜனங்களுடைய குடிதண்ணிக்குத்தான், அங்கேயும் நம் ஜனம் இருக்கிறது. சண்டையெல்லாம் ‘எவ்வளவு’ என்பதில். ‘என்ன’ என்று கேட்கும்போது அந்த வேகத்தில் பாதியைக் கூடக் காணோம்.

இந்த இடத்தில் நம் தோழர்கள் சிலரோடு எனக்கு மாறுபாடு உண்டு. நீர்த்தேக்க விதிகளே மேல்சாதிச் சுற்றுச்சூழல்வாதிகளின் தீட்டுப் புத்தி, அதை உடைத்து இறங்கிக் குளிப்பதுதான் நமக்கு மஹத் என்று அவர்கள் பேசுகிறார்கள். கேட்க ஆவேசமாக இருக்கிறது. ஆனால் கடைமடைக் குழாயில் குடிக்கிறது யார்? கேன் தண்ணி வாங்கக் காசில்லாத நாம்தானே. மனித உடம்பிலிருந்து கிருமி இறங்குவது தீட்டு அல்ல, நிஜம். காலராவுக்குச் சாதி தெரியாது. ஆனால் காலரா வந்தால் சாவு சேரியில் முதலில் விழும். தீட்டு என்பது பொய்யாக இருப்பதால் அசுத்தம் என்பதும் பொய்யாகிவிடாது. அம்பேத்கர் சவதார் குளத்தில் கேட்டது குடிக்கிற உரிமையை. கெடுக்கிற உரிமையில் பங்கு கேட்கவில்லை.

கட்டுப்பாடு வேண்டும், கடுமையாகவே வேண்டும். போபாலில் ஒரு வழக்கு நடந்தது. அங்கே பதினோராம் நூற்றாண்டில் வெட்டிய பெரிய ஏரி இன்றும் நகரத்தில் பெரும் பகுதிக்குக் குடிநீர். அதில் சுற்றுலாவுக்காக டீசல் கப்பலும் மோட்டார் படகும் விட்டார்கள். 2023 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அவற்றை நிறுத்தச் சொன்னது, 2024ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. எஞ்சின் கக்குகிற எண்ணெயும் புகையும் தண்ணீரில் என்ன செய்கிறது என்று பார்த்துச் சொன்ன தீர்ப்பு. ஏறுகிறவன் யார் என்று அது கேட்கவில்லை. நியூயார்க் மாநகரம் குடிக்கிற கேட்ஸ்கில் மலை நீர்த்தேக்கங்களில் அனுமதிச் சீட்டு வாங்கி மீன் பிடிக்கலாம், துடுப்புப் படகும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் படகை முதலில் நீராவியால் கழுவித்தான் உள்ளே விடுவார்கள், வேறு ஏரியிலிருந்து சிப்பியோ பூச்சியோ ஒட்டிக்கொண்டு வரக்கூடாது என்பதற்காக. பெட்ரோல் எஞ்சின் கூடாது. நீந்துவது யாருக்கும் கூடாது. இதற்காக அமெரிக்காக்காரனை நான் யோக்கியன் என்று சொல்லவில்லை. கறுப்பர்களோடு சேர்ந்து குளிப்பதைவிடப் பொது நீச்சல்குளத்தையே மூடிவிடுவோம் என்று 1950களிலும் 60களிலும் தென் மாநில நகரங்கள் மூடியிருக்கின்றன. அதுவும் ‘யார்’ கணக்குத்தான். ஒரே தேசத்துக்குள் இரண்டு கணக்கும் இருந்தது என்பதைத்தான் சொல்கிறேன்.

ஆக, ஒரு விதி தண்ணீரைக் காப்பதா, சாதியைக் காப்பதா என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. தண்ணிக்குள்ள யாரு எறங்குறான்னு பாக்குதா, என்ன எறங்குதுன்னு பாக்குதா? துணி துவைக்கிற கிழவியை விரட்டிவிட்டு ஒரு நகரத்தின் சோப்புத் தண்ணியை விட்டுவைக்கிற விதி, சாணிக் குடத்தைக் கவிழ்த்த கையிலிருந்து வந்ததுதான், அரசு முத்திரை குத்தியிருந்தாலும். வேங்கைவயலை நினைத்துக்கொள்ளுங்கள். 2022 டிசம்பரில் நம் ஜனங்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கிடந்தது. 2025 ஜனவரியில் சிபிசிஐடி குற்றப்பத்திரிகை போட்டது அதே தெருவைச் சேர்ந்த மூன்று தலித் இளைஞர்கள் மேல். அந்த ஜனங்கள் அதை ஏற்கவில்லை. ரெண்டு வருஷம் நடந்த விசாரணை, மலத்தை விட்டுவிட்டுக் கடைசியில் ஆளைத்தான் முகர்ந்து பார்த்தது.

மீனுக்கும் இதே பேச்சு. கரையில் தூண்டில் போடுகிற பையனும், வலைபோட்டு வயிறு கழுவுகிறவனும், குத்தகை எடுத்து லாரியில் ஏற்றுகிறவனும் பலகைக்கு ஒன்றுதான். ஏரியில் தண்ணீர் வற்றும்போது கூடை எடுத்துக்கொண்டு இறங்கி அள்ளித் தின்ற ஜனம் நாம். அதை ஏலமாக்கினார்கள். ஏலம் எடுக்கப் பணமும் ஆள்பலமும் வேணும். தெற்கே மீன்பாசி ஏலம் எத்தனை ஊரில் ஊரை ரெண்டாக்கியிருக்கிறது! மேலவளவில் 1997 ஜூன் 30ல் ஊராட்சித் தலைவர் முருகேசன் உட்பட ஆறு பேரை வெட்டினார்கள். தலைவர் நாற்காலி வெறும் மரியாதைக்காக அல்ல என்பது வெட்டியவர்களுக்குத் தெரியும். பொதுச் சொத்தின் சாவி அங்கே இருக்கிறது, கண்மாயும் அதில் சேர்ந்தது. ஆகவே மீன் பிடிக்காதே என்ற விதியை எதிர்ப்பதற்கு முன்னால், பிடிக்க அனுமதி இருக்கும் இடத்தில் யார் பிடிக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். என் கணக்கில் குடிப்பது முதலில், பிழைப்பது அடுத்து, விளையாட்டு அதற்கப்புறம்.

ஆனால் விளையாட்டைக் கடைசியில் வைத்தேனே ஒழிய வெளியே தள்ளவில்லை. நம் இயக்கங்களில் ஒரு பழக்கம் இருக்கிறது. கூலி, நிலம், கல்வி என்றால் போராட்டம். உல்லாசம் என்றால் பூர்ஷ்வா சமாச்சாரம். 2018 ஜூனில் மகாராஷ்டிரத்தின் ஜல்காவ் மாவட்டத்தில் கிணற்றில் நீந்திய தலித் பையன்களைத் துணியை உருவிவிட்டு அடித்தார்கள். அந்தப் பிள்ளைகள் தண்ணி மொள்ளப் போகவில்லை, உரிமைப் போராட்டம் நடத்தவும் போகவில்லை. வெயிலுக்கு விழுந்து ஆடப் போனார்கள். தாகத்துக்குக் குடித்தால்கூட இரக்கப்பட்டு ஊற்றுகிறவன் இருப்பான். சந்தோசத்துக்காக ஒரு சேரிப்பிள்ளை தண்ணியில் கிடப்பதை அவனால் பொறுக்க முடியாது. வேலைக்காக முங்கலாம், விளையாட முங்கக் கூடாது. அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு கிணறு, குளம், குளிக்கும் துறை, பொதுஜனம் கூடும் இடம் என்று பேர் சொல்லி எழுதியிருப்பது சும்மா இல்லை. கூடிக் களிக்கிற இடமும் நமக்கு உரிமை என்று அதை எழுதினவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நேரு அணைகளை நவீன இந்தியாவின் கோயில்கள் என்றார். கோயில் என்றால் உள்ளே யார் போகலாம், யார் வெளியே நிற்க வேண்டும் என்ற கேள்வியும் கூடவே வந்துவிடும், பாவம் அவர் அதை யோசிக்கவில்லை போலும். 1942லிருந்து 46வரை வைஸ்ராய் கவுன்சிலில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்து தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்துக்கும் ஹிராகுட்டுக்கும் வழிபோட்டவர் அம்பேத்கர். சவதார் குளத்தில் அள்ளிக் குடித்த கைதான் பதினைந்து வருஷம் கழித்து இந்த நாட்டின் நீர்த்தேக்கக் கொள்கைக் கோப்புகளில் கையெழுத்துப் போட்டது. பாசனம், மின்சாரம், வெள்ளத் தடுப்பு, படகுப் போக்குவரத்து என்று ஒரே அணையில் பல பயன் என்றுதான் அவர் பார்த்தார். கும்பிட ஒன்றும் இல்லை அதில்.

கெலவரப்பள்ளியிலோ கிருஷ்ணகிரி அணையிலோ நாளைக்கே படகுக் குழாம் வரலாம், டெண்டர் விடலாம், சென்னையிலிருந்து அமைச்சர் வந்து ரிப்பன் வெட்டலாம். வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். எஞ்சின் இல்லாத படகு, நம் காலனிப் பிள்ளைகள் கொடுக்கக்கூடிய கட்டணம், பரிசல் தள்ளவும் மீன் பிடிக்கவும் உள்ளூர் ஆட்களின் கூட்டுறவுச் சங்கம். அதற்கெல்லாம் முன்னால் இன்னொன்று. இறங்காதே என்ற பலகைக்குப் பக்கத்தில் இன்னொரு பலகை. இந்த மாசம் இந்தத் தண்ணியில் என்னென்ன இறங்கியது, எந்தக் கால்வாயிலிருந்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எடுத்துப் பார்த்ததில் எவ்வளவு தேறியது என்று அதில் எழுத வேண்டும். அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. இந்த எல்லையில் தமிழ் பேசுகிற சேரி உண்டு, தெலுங்கு பேசுகிற சேரி உண்டு, கன்னடம் பேசுகிற சேரி உண்டு. மூணு பாஷையிலும் எழுதச் சொல்லிக் கேட்போம்.